9ஆம் வகுப்பும் 11ஆம் வகுப்பும் சேர்ந்து எலெக்ட்ரிக் கார்: பெட்டிக்குள்ள பேட்டரி நுழையல

கோட்டையூர் டீச்சர் | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில இயற்பியல் எடுக்கிறேன். பொதுத்தேர்வு இல்லாத 9, 11 ரெண்டு வகுப்புலயும் சேர்த்து 22 பிள்ளைகள். ஒருத்தர் உட்கார்ந்து ஓட்டுற மாதிரி ஒரு சின்ன எலெக்ட்ரிக் கார் செய்யுறோம். பள்ளி மைதானத்துல ஒரு மணி நேரம் நிக்காம ஓடணும், அம்புட்டுத்தான் இலக்கு. பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் போட்டிருக்காங்க. 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டார். 20 இஞ்ச் சைக்கிள் சக்கரம் மூணு, முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு.

நாலு குழுவாப் பிரிச்சேன்: சட்டம், மின்சாரம், ஸ்டீயரிங்-பிரேக், கணக்கு-ஆவணம். ஒவ்வொரு குழுவும் நல்லாத்தான் வேலை பார்த்துச்சு. இன்னைக்குச் சாயங்காலம் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்க்கலாம்னு வராந்தாவுல கொண்டுவந்து வச்சா, பேட்டரி பெட்டிக்குள்ள போகவே இல்ல.

சட்டக் குழு பெட்டியோட அகலத்தை 13 சென்டிமீட்டர்னு வச்சு வெல்டு பண்ணியாச்சு. மின்சாரக் குழு கொண்டு வந்த பேட்டரி 17 சென்டிமீட்டர் அகலம். முதல்ல பேசினது 26 ஆம்பியர்-ஹவர் (எவ்வளவு மின்சாரம் சேர்த்து வைக்கும்ங்கிற அளவு) 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, தொடரா மாட்டினா 24 வோல்ட். போன வாரம் பசங்க டெஸ்ட் பண்ணிட்டு, "பத்தாது மிஸ்"னு 42க்கு மாத்திட்டாங்க. எங்கிட்ட சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். சட்டக் குழுகிட்ட யாரும் சொல்லல. நானும் சொல்லல.

அப்புறம் ஒரே சத்தம். சட்டக் குழுவுல ஒரு பையன் ஹேக்ஸா பிளேடைத் தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான்.

கேள்வி இதுதான். குழுவா வேலை செய்யக் கத்துக்கட்டும்னுதான் இதை ஆரம்பிச்சேன். நாலு குழுவும் நாலு காரு செஞ்ச மாதிரி ஆயிருச்சு. இதை எப்படிச் சரி பண்றது?

பட்டறைக்காரன் | சனி, இரவு 10.05

டீச்சர், அந்தப் பெட்டியை வெல்டு பண்ணினது நான்தான். பசங்க சாக்பீஸ்ல கோடு போட்டுக் கொண்டாந்தாங்க, நான் கோட்டு மேல வச்சேன். பெட்டியை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. செவ்வாய்க்கிழமை கொண்டாங்க. காசு வேண்டாம்.

பல்லத்தூரான் ஓரகடம் | சனி, இரவு 10.31

அண்ணே, தயவுசெஞ்சு செவ்வாய்க்கிழமை வெட்டிராதீங்க. டீச்சர், அந்தப் பெட்டி அப்படியே இருக்கட்டும்.

நான் ஓரகடத்துல வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில 11 வருஷமா இருக்கேன். உங்க வராந்தாவுல நடந்தது எங்க ஆலையில மாசம் ஒரு தடவை நடக்கும். ஒரு குழு தப்பா வேலை செஞ்சதால வர்ற பிரச்சனை குறைச்சல். ரெண்டு குழுவோட வேலை தொட்டுக்கிற இடத்துலதான் எல்லாமே உடையும். ஸ்டீயரிங் ராடு சட்டத்துல உக்கார்ற துளை, மோட்டார் பிளேட்டுல போல்ட் ஓட்டை, ஒயர் சட்டத்தைத் தாண்டிப் போற வழி. அந்த இடத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கமாட்டான். ரெண்டு பேரும் அடுத்தவன் பார்த்துக்குவான்னு விட்டிருப்பான்.

இங்கிலாந்துல 1999லேருந்து கிரீன்பவர்னு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு எலெக்ட்ரிக் கார் பந்தயம் நடக்குது. 11 வயசுலேருந்து 16 வயசு வரைக்கும் ஓட்டுற பிரிவும் இதே 24 வோல்ட்தான். எல்லா அணிக்கும் ஒரே மோட்டார், ஒரே பேட்டரி. குறிச்ச நேரத்துல யாரு அதிக தூரம் ஓடினாங்களோ அவங்களுக்கு ஜெயம். பேட்டரியைக் கூட்டவே முடியாதுன்னு ஆன பிறகு பிள்ளைகள் வேற எங்க மிச்சம் பிடிக்கலாம்னு தேட ஆரம்பிப்பாங்க. எடையில, டயர் காத்துல, சக்கரம் நேரா நிக்கிறதுல. இதெல்லாம் அடுத்த குழுகிட்டப் பேசாம நடக்காத காரியம். உங்க பசங்களுக்குக் கடைக்குப் போய்ப் பெரிய பேட்டரி வாங்குற வழி திறந்து கிடந்துச்சு. அதான் யாருகிட்டயும் பேசாமலே தீர்வு வந்துருச்சு.

அமிலவாசம் | சனி, இரவு 11.12

நான் பேட்டரி ஆய்வகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டீச்சருக்கு ஒரு கேள்வி. 26 ஆம்பியர்-ஹவர் "பத்தாது"ன்னு பையன்கள் எப்படி முடிவு பண்ணினாங்க? என்ன டெஸ்ட், எவ்வளவு நேரம்?

கோட்டையூர் டீச்சர் | ஞாயிறு, காலை 6.50

ஐயா, பையன்கள் நோட்டுல இருக்கிறதை அப்படியே தர்றேன். 24 வோல்ட் லாரி ஹெட்லைட் பல்ப் நாலு, ஒவ்வொண்ணும் 75 வாட், பேரலல்ல போட்டிருக்காங்க. மொத்தம் 300 வாட், அதாவது 12.5 ஆம்பியர். 26ஐ 12.5ஆல வகுத்தா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல வரணும். ஆனா ஒரு மணி பத்து நிமிஷத்துல வோல்ட் 21க்கு இறங்கிருச்சு. "கடைக்காரர் ஏமாத்திட்டார்"னு நோட்டுல எழுதி அடிக்கோடு போட்டிருக்காங்க.

அமிலவாசம் | ஞாயிறு, காலை 8.20

கடைக்காரர் பாவம், விட்டுடச் சொல்லுங்க.

பேட்டரி மேல ஒட்டியிருக்கிற 26 என்பது 20 மணி நேரக் கணக்கு. 1.3 ஆம்பியர் வீதம் மெதுவா எடுத்தா 20 மணி நேரம் வரும். அதே பேட்டரியிலேருந்து 12.5 ஆம்பியர் வீதம் உறிஞ்சினா முழு 26ஐயும் அது தராது. தகட்டோட மேற்பரப்புல இருக்கிற அமிலம் வேகமாத் தீர்ந்து போகும், உள்ளே இருக்கிற அமிலம் வந்து சேர நேரம் பத்தாது. அதுக்குள்ள வோல்ட் விழுந்துடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, இன்னும் சில நிமிஷம் எரியும். பையன்கள் கண்ணால பார்க்கட்டும். 1897ல ஜெர்மனியைச் சேர்ந்த பாய்கெர்ட் இதுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். அதுல அடுக்கை 1.2ன்னு வச்சுப் போட்டா, 12.5 ஆம்பியருக்கு ஒண்ணேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல வரும். உங்க ஒரு மணி பத்து நிமிஷம் ரொம்ப நியாயமான விடை. பையன்கள் நல்லாத்தான் டெஸ்ட் பண்ணியிருக்காங்க.

இப்ப ரெண்டாவது விஷயம். இலக்கு ஒரு மணி நேரம்தானே? டெஸ்ட்ல வந்தது 70 நிமிஷம். அப்ப எதுக்கு மாத்தினாங்க?

மூணாவது, கார் என்ன 300 வாட்டா தின்னப்போகுது? ஆள், வண்டி எல்லாம் சேர்ந்து 110 கிலோன்னு வைங்க. மண் தரையில 17, 18 கிலோமீட்டர் வேகத்துல போக மோட்டார் எடுக்கிறது 8 ஆம்பியர் அளவுலதான் இருக்கும். பல்புல போட்ட பாரம் கார் பாரம் இல்ல. சட்டக் குழுகிட்ட எடையையும், ஸ்டீயரிங் குழுகிட்ட டயரையும் கேட்டிருந்தா மின்சாரக் குழு இதைத் தானே போட்டுப் பார்த்திருக்கும். கேட்கல. பெட்டி சின்னதாப் போச்சுன்னு சண்டை போடுறாங்க, பெட்டிதான் சரியான அளவுல இருக்கு!

பட்டறைக்காரன் | ஞாயிறு, காலை 8.41

அப்ப வெட்ட வேண்டாம். நல்லவேளை. 😀

கடைசி பெஞ்ச் | ஞாயிறு, காலை 9.15

42 ரெண்டையும் யாரு வாங்கிக்குவா? கடையில திருப்பி எடுக்கமாட்டாங்களே.

புதுவயல் அம்மா | ஞாயிறு, காலை 11.30

என் மக 9ஆம் வகுப்பு, அந்தக் கணக்கு-ஆவணக் குழுவுல இருக்கா. எல்லாரும் பேட்டரியைப் பத்தியே பேசுறீங்க. நான் வேற ஒண்ணு கேக்கணும். அந்தக் குழுவுல அஞ்சு பேரும் பொம்பளைப் பிள்ளைகள். சட்டத்துல ஒருத்திகூட இல்ல. வீட்டுக்கு வந்து, "பசங்க அறுக்கிறாங்க, நாங்க எழுதுறோம்மா"ன்னு சொல்றா. கையெழுத்து நல்லா இருக்குன்னு யாரோ சொன்னாங்களாம். டீச்சர் நீங்களும் ஒரு பொம்பளைதானே, இது உங்க கண்ணுல படலையா? மன்னிச்சுக்கங்க, வருத்தத்துல எழுதுறேன்.

கோட்டையூர் டீச்சர் | ஞாயிறு, மதியம் 2.10

மன்னிப்பெல்லாம் வேண்டாம்மா. நான் பிரிக்கல, "உங்களுக்குப் பிடிச்ச குழுவைத் தேர்ந்தெடுங்க"ன்னு விட்டேன். விட்டதுதான் தப்பு. பிள்ளைகள் தெருவாரியா, சேர்ந்து பஸ்ஸுல வர்ற கூட்டம் கூட்டமாப் போய் நின்னுக்கிட்டாங்க. வெளிய சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனா ஊர்ல எந்தத் தெருவுக்காரங்க யாரோட உட்காருவாங்களோ அதேதான் என் பட்டியல்லயும் வந்துருச்சு.

பி.எட். படிக்கிறவள் | ஞாயிறு, மதியம் 3.02

இதைப் படிச்சதும் எங்க பாடத்துல வந்த ஒண்ணு ஞாபகம் வந்துச்சு டீச்சர். 1971ல டெக்சாஸ்ல ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகள்ல வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் முதல் தடவையா ஒரே வகுப்புல உட்கார்ந்தப்ப ஒரே அடிதடி. எலியட் ஆரன்சன்னு ஒரு உளவியல் பேராசிரியர் ஒரு வேலை பண்ணினார். பாடத்தைத் துண்டு துண்டா வெட்டி, குழுவுல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். பக்கத்துப் பிள்ளை சொன்னாத்தான் மீதி தெரியும், தெரிஞ்சாத்தான் பரீட்சை எழுத முடியும். ஒத்துமையாயிருங்கன்னு யாருக்கும் அறிவுரை சொல்லல. அவன் பேசுறதைக் காது கொடுத்துக் கேட்காட்டி எனக்கு மார்க் போகும், அவ்வளவுதான்.

உங்க கார்லயும் அப்படி ஆளுக்கொரு துண்டு கொடுக்க முடியாதா? பேட்டரி அளவு ஸ்டீயரிங் குழுவுல இருக்கிற ஒரு பொண்ணுக்கு மட்டும் தெரியும்ங்கிற மாதிரி.

பல்லத்தூரான் ஓரகடம் | ஞாயிறு, மதியம் 3.40

தங்கச்சி, வகுப்புக்கு அது சரி. பட்டறையில தகவலை ஒளிச்சு வைக்கிறது ஆபத்து. பேட்டரி விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருக்கணும். ஒளிக்க வேண்டாம், ஆனா *மாத்த* ரெண்டு குழு கையெழுத்து வேணும்னு வைங்க. எங்க ஆலையில அதுக்கு ஒரு படிவம் இருக்கு. ஒரு போல்ட்டை 8 எம்எம்லேருந்து 10 எம்எம் ஆக்கணும்னாகூட அந்தப் போல்ட் தொடுற எல்லாத் துறையும் ஒப்பம் போடணும். எல்லாரும் திட்டிக்கிட்டேதான் போடுவோம்.

தேவகோட்டைப் பேரேடு | ஞாயிறு, இரவு 7.25

நான் கோலாலம்பூர்ல கணக்காளர். எங்க ஐயா கடை பர்மாவுல இருந்துச்சு. அந்தப் பேரேடுகள் இன்னும் எங்க வீட்டு ரெண்டாம் கட்டு அலமாரியில கிடக்கு. பொறியியல் எனக்குத் தெரியாது. ஆனா நீங்க தேடுற படிவம் நம்ம ஊர்ல எப்பவோ இருக்குன்னு தோணுது.

நம்ம கணக்குல ஒரு ரூபா ஒரு இடத்துல பற்று விழுந்தா இன்னொரு இடத்துல வரவு விழணும். விழாட்டி ஐந்தொகை நிக்காது. ராத்திரி எத்தனை மணியானாலும் அந்த ஒரு ரூபாயைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டுத்தான் கடைப்பையன் தூங்கணும். காருக்கும் அதையே போடுங்க. ரூபாய்க்குப் பதிலா கிலோ. மொத்தக் காரு இவ்வளவு கிலோதான்னு முதல்ல ஒரு தொகை எழுதுங்க. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பங்கு. மின்சாரக் குழு பேட்டரியில கூட்டணும்னா வேற ஒரு குழு தன் பங்குலேருந்து விட்டுக்கொடுக்கணும். விட்டுக்கொடுத்தவன் பேர், வாங்கினவன் பேர், ரெண்டு கையெழுத்து. சனிக்கிழமை சனிக்கிழமை காரைத் தூக்கித் தராசுல வைங்க. பேரேட்டுத் தொகையும் தராசுத் தொகையும் ஒத்துப்போகணும்.

அந்தக் கணக்குக் குழுவை எல்லாரும் "எழுதுற வேலை"ன்னு சொல்றது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நம்ம கடைகள்ல பேரேடு யாரு கையில இருந்துச்சோ அவுகதான் முதலாளிக்கு அடுத்த ஆளு.

புதுவயல் அம்மா | ஞாயிறு, இரவு 8.00

அண்ணே நீங்க சொல்றது நல்லா இருக்கு. ஆனா அதைச் சொல்லியே எம்மகளை எழுத்து வேலையிலயே உக்கார வச்சிராதீக. அவ கையும் ரம்பம் பிடிக்கணும்.

தேவகோட்டைப் பேரேடு | ஞாயிறு, இரவு 8.06

நியாயம் ஆச்சி. ஒத்துக்கிறேன்.

ஆத்தங்குடிக் கல்லு | திங்கள், காலை 7.15

நாங்க தரையில பதிக்கிற பூக்கல்லு போடுறவங்க. இங்க இதைப் படிச்சுக்கிட்டே இருக்கேன், சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். கண்ணாடி மேல அச்சை வச்சு ஒருத்தர் சாயம் ஊத்துவார். அச்சை எடுத்ததும் அடுத்தவர் அது மேல சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவணும், அப்புறம் கலவை. சாயம் ஊத்துறவர் லேசா அதிகமா ஊத்திட்டா பொடி போடுறவருக்குத் தெரிஞ்சுரும், ஈரம் மேல வரும். ஆனா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. கல்லைத் தண்ணித் தொட்டியில போட்டு எடுத்துக் கண்ணாடியைக் கழட்டினாத்தான் முகம் தெரியும். அதனால நாங்க அடிக்கடி ஆளை மாத்தி உக்காருவோம். பொடி போடுறவர் ஒரு நாள் சாயம் ஊத்தினா மறுநாள் வாயைத் திறக்கமாட்டார். :)

கடைசி பெஞ்ச் | திங்கள், காலை 8.30

அருமை அண்ணே. ஆனா உங்க கல்லுக்கு டிசைன் ஏற்கெனவே முடிவானது. யாரு என்ன செய்யணும்னு நூறு வருஷமாத் தெரியும். கார்ல டிசைனே வாராவாரம் மாறுது. ஆளையும் மாத்தினா எவனுக்கும் ஒண்ணும் வராது. நான் என்ஜினியரிங் மூணாம் வருஷம், எங்க கல்லூரியில இதே மாதிரி ஒரு போட்டிக்கு வண்டி செஞ்சோம். 25 பேர்னு பட்டியல். உண்மையில மூணு பேர்தான் செஞ்சோம், மத்தவங்க போட்டோவுக்கு வந்தாங்க. மாத்தி மாத்தி உக்கார வச்சா அந்த மூணு பேரும் வெறுத்துப் போய் விட்டுட்டுப் போயிருப்பாங்க.

பல்லத்தூரான் ஓரகடம் | திங்கள், காலை 9.02

தம்பி, நீங்க அந்த மூணு பேர்ல ஒருத்தரா?

கடைசி பெஞ்ச் | திங்கள், காலை 9.04

ஆமா.

பல்லத்தூரான் ஓரகடம் | திங்கள், காலை 9.20

நானும் அப்படித்தான் இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு நானே வெல்டு பண்ணி, நானே ஒயரிங் போட்டு, மறுநாள் எல்லாரையும் முறைச்சுப் பார்ப்பேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருத்தர் கேட்டார்: "நீ லீவு போட்டா உன் லைன் ஓடுமா?" பதில் சொல்ல முடியல. மத்தவங்க எல்லாரும் சோம்பேறிங்கன்னு நான் நினைச்சது பாதிதான் உண்மை. எங்கிட்ட வந்து "என்ன செய்யணும்"னு கேட்டவனுக்கு எல்லாம் "இருடா, நானே பார்த்துக்கிறேன்"னு சொன்னவன் நான்.

ஆனா ஆலையில வாராவாரம் ஆளை மாத்தமாட்டாங்க, அதுவும் உண்மை. அங்க காருதான் சரக்கு. பள்ளிக்கூடத்துல சரக்கு பிள்ளைகள். கார் சுமாரா ஓடினாப் போதும். நான் இருந்தா மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு குழுவுலேருந்தும் ரெண்டு பேரை மாத்துவேன், மீதிப் பேர் இருப்பாங்க.

கோட்டையூர் டீச்சர் | திங்கள், இரவு 9.30

இன்னைக்கு நடந்ததைச் சொல்லிடுறேன்.

காலையில முதல் பீரியட்லயே பிள்ளைகள்கிட்ட, "பேட்டரி மாத்தினது எனக்குத் தெரியும், சட்டக் குழுகிட்டச் சொல்லாதது என் தப்பு"ன்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டுப் போன பையன் முதல்ல தரையைப் பார்த்தான், அப்புறம், "பரவால்ல மிஸ், பெட்டி கொஞ்சம் கோணலாவும் இருந்துச்சு"ன்னான்.

அமிலவாசம் ஐயா சொன்னதைப் பலகையில போட்டேன். பையன்கள் பல்பை மறுபடி மாட்டிப் பார்த்தாங்க. 21 வோல்ட்டுல நிறுத்தி, அரை மணி நேரம் விட்டு மறுபடி போட்டதும் பல்ப் எரிஞ்சுச்சு. நோட்டுல "கடைக்காரர் ஏமாத்திட்டார்" வரியை ஒரு பொண்ணு அடிச்சுட்டு ஓரத்துல "மன்னிக்கவும்"னு எழுதினா. 26க்கே திரும்பிப் போறோம். 42 ரெண்டையும் ஒரு பெற்றோர் வீட்டு இன்வெர்ட்டருக்கு எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டார்.

குழுக்களைக் கலைச்சேன். சீட்டுக் குலுக்கி எடுத்தோம். நிறைய முனகல். 9ஆம் வகுப்புப் பொண்ணுங்க ரெண்டு பேர் இப்ப சட்டத்துல, ஒருத்தி மின்சாரத்துல. கணக்குக் குழுவுல மூணு பையன்கள். அவங்க எழுத்து கோழி கிளறின மாதிரி, என்ன பண்றது.

பட்டறைக்காரன் | திங்கள், இரவு 9.52

டீச்சர், சில விஷயம் இப்பவே சொல்லிடுறேன், ஆளுங்க மாறுறதால. ஆர்க் வெல்டிங்கை எந்தப் பிள்ளையும் தொடக்கூடாது, பையனோ பொண்ணோ. அதை நான்தான் பண்ணுவேன். கோடு போடுறது, பன்ச் அடிக்கிறது, ஹேக்ஸா, ராவுறது, டேப்பிங் எல்லாம் அவங்க. சடை போட்ட பிள்ளைங்க சடையைச் சுருட்டிக் கட்டணும். துப்பட்டா வீட்டுல. செயின் ஓடுற பக்கம் முழுக்கைச் சட்டையோட யாரும் நிக்கக் கூடாது.

அமிலவாசம் | திங்கள், இரவு 10.10

சேர்த்துக்கிறேன். மின்சாரக் குழுவுல இருக்கிற எல்லாரும் மோதிரம், கைச்சங்கிலி, வளையல் கழட்டி டப்பாவுல போட்டுட்டுத்தான் பேட்டரிகிட்டப் போகணும். 24 வோல்ட் ஷாக் அடிக்காதுன்னு தைரியமா இருப்பாங்க. ரெண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தா நூத்துக்கணக்கான ஆம்பியர் ஓடும், ஸ்பேனர் பழுத்துடும். மோதிரத்துக்கும் அதே கதிதான். ஸ்பேனர் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுத்துங்க. ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்துலயே இருக்கணும், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கண்ட்ரோலர் பக்கத்துல வைக்கிறது பாதி பாதுகாப்புதான். சார்ஜ் போடும்போது ஹைட்ரஜன் வரும், பூட்டின அறை வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைங்க. அணைக்கிற சுவிட்ச் ஓட்டுறவர் கைக்கும் எட்டணும், வெளிய நிக்கிறவர் கைக்கும் எட்டணும். இந்த ரெண்டாவது சுவிட்சுக்கு யாரு பொறுப்புன்னு எழுதிட்டீங்களா? அது மின்சாரமா, சட்டமா?

கோட்டையூர் டீச்சர் | திங்கள், இரவு 10.15

எழுதல. நாளைக்குக் காலையில முதல் வேலை.

கடைசி பெஞ்ச் | செவ்வாய், காலை 7.40

ரோட்டுல ஓட்டிப் பார்ப்பீங்களா? எங்க பசங்க ஒரு தடவை ஓட்டிட்டுப் போலீஸ்கிட்ட மாட்டினாங்க. 250 வாட்டுக்குக் கீழ, 25 கிலோமீட்டருக்குள்ளன்னா லைசென்ஸ் வேண்டாம்னு படிச்சிருந்தோம்.

பல்லத்தூரான் ஓரகடம் | செவ்வாய், காலை 8.05

அந்தச் சலுகை சோதனை முகமை சான்று வாங்கின வண்டிக்குத்தான் தம்பி. வீட்டுல செஞ்ச வண்டிக்குக் கிடையாது. மைதானம்தான் சரி. செட்டிநாட்டுப் பக்கம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு கிடக்கு, சின்ன வயசுல அதைப் பார்க்கும்போதெல்லாம் அதுல ஏதாவது ஓட்டணும்னு ஆசை. ஆசை மட்டும்தான்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 9.00

போக்குவரத்து விதி பத்தித் தனி இழை இருக்கு. இங்க காரைப் பத்திப் பேசுவோம்.

கோட்டையூர் டீச்சர் | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8.45

தாமதத்துக்கு மன்னிக்கணும். இடையில பருவத்தேர்வு.

பேரேடு அண்ணன் சொன்ன எடைக் கணக்கைத்தான் முதல்ல சொல்லணும். நீலக்கோடு போட்ட பெரிய நோட்டு வாங்கினோம். மொத்தக் காருக்கு 58 கிலோ எழுதி நாலாப் பிரிச்சோம். ஒவ்வொரு பொருளையும் சமையல் கட்டுத் தராசுல நிறுத்துப் பற்று எழுதினாங்க. பேட்டரி ரெண்டும் 17 கிலோ, சட்டம் 19, இப்படி. கூட்டினா 57.4 வந்துச்சு. பையன்களுக்கு ஒரே பெருமை.

இன்னைக்குக் காரைத் தட்டுவண்டியில ஏத்திப் புதுவயல் அரிசி ஆலைக்குக் கொண்டு போனோம். ஆலைக்காரர் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசுல வைக்கச் சொன்னார். 61.2.

யாரும் ஒண்ணும் பேசல. ஆலைக்காரர், "தராசு சரியா இருக்குப்பா, நேத்துத்தான் முத்திரை போட்டாங்க"ன்னார். பிள்ளைகள் நோட்டைத் திறந்து அங்கேயே நெல்லுத் தூசியில உட்கார்ந்துட்டாங்க. 3.8 கிலோ எங்கிருந்து வந்துச்சு?

ஒவ்வொண்ணாக் கண்டுபிடிச்சாங்க. போல்ட், நட்டு, வாஷர், எல்லாம் சேர்ந்து ஒண்ணேகால் கிலோ: ஒவ்வொரு குழுவும் அடுத்த குழுதான் எழுதும்னு நினைச்சிருக்கு. ஒயர் 700 கிராம். பெயிண்ட். சீட்டுக்கு அடியில யாரோ ஒட்டின ரப்பர். செயின் மறைப்புத் தகடு. எதுக்குமே சொந்தக்காரன் இல்ல. பல்லத்தூரான் முதல் நாள் சொன்னாரே, ரெண்டு குழுவும் தொட்டுக்கிற இடம்னு, அம்புட்டு எடையும் அந்த இடத்துலதான் ஒளிஞ்சிருந்துச்சு. ஒரு 11ஆம் வகுப்புப் பொண்ணு நோட்டுல ஐந்தாவதா ஒரு பக்கம் போட்டு, தலைப்பு "பொது"ன்னு எழுதினா. அப்புறம் அதை அடிச்சுட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் ரெண்டு குழு பேர்லயும் பாதி பாதியாப் போட்டா. பொதுன்னு எழுதினா மறுபடி யாரும் பார்க்கமாட்டாங்களாம்.

தேவகோட்டைப் பேரேடு | சனி, இரவு 9.10

டீச்சர், அந்தப் பொண்ணை பி.காம். படிக்கச் சொல்லுங்க. 🙏

புதுவயல் அம்மா | சனி, இரவு 9.14

அது எம்மக இல்ல. எம்மக இப்ப சட்டத்துல இருக்கா. விரல்ல பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. திட்டலாம்னு பார்த்தேன், அவ சிரிக்கிறதைப் பார்த்துட்டு விட்டுட்டேன்.

பட்டறைக்காரன் | சனி, இரவு 9.30

சக்கரம் நேரா நிக்குதா பார்த்தீங்களா? கண்ணால பார்த்தா தெரியாது. முன் சக்கரம் ரெண்டும் உள்பக்கமோ வெளிப்பக்கமோ லேசா திரும்பி நின்னாக்கூட டயர் தேய்ச்சுக்கிட்டே ஓடும், பேட்டரி தின்னும்.

கோட்டையூர் டீச்சர் | ஞாயிறு, காலை 7.05

பார்த்தோம் அண்ணே. ஸ்டீயரிங் குழுவுல ஒரு பையனோட அப்பா கொத்தனார். அவன் வீட்டுலேருந்து கொத்தனார் நூல், தூக்குக்குண்டு ரெண்டும் கொண்டு வந்தான். பின் சக்கரத்துலேருந்து முன்னால வரைக்கும் ரெண்டு பக்கமும் நூல் கட்டி, முன் சக்கரத்தோட முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூல்லேருந்து எத்தனை எம்எம்னு அளந்தான். இடது பக்கம் 9 எம்எம் வித்தியாசம். ராடு மறையைத் திருகித் திருகி 1 எம்எம்முக்குக் கொண்டு வர ரெண்டு மணி நேரம் ஆச்சு. அதுக்கு முன்னாடி ஒருத்தர் தள்ளினா கார் ஆறு அடி உருண்டு நிக்கும். அப்புறம் அதே ஆள் அதே மாதிரி தள்ளினதுல வராந்தா முனை வரைக்கும் போய் முல்லைப் பந்தல்ல இடிச்சு நின்னுச்சு. மின்சாரக் குழுதான் அதிகமாக் கைதட்டுச்சு.

அமிலவாசம் | ஞாயிறு, காலை 9.40

கைதட்டினது சரிதான், மிச்சமாகிறது அவங்க ஆம்பியர். இதை எழுதும்போது நினைச்சுக்கிட்டேன்: 1948 ஜூலை 25ல காரைக்குடியில மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினப்ப, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்திருந்தார். அந்த வளாகத்துச் சுவரைத் தாண்டிப் பஸ்ஸுல போற எத்தனை பிள்ளைகளுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்? திறந்த நாள் வரும்போது அழைச்சுட்டுப் போங்க டீச்சர், 26 ஆம்பியர்-ஹவர் கதையை அங்க இருக்கிறவங்ககிட்டச் சொல்லட்டும்.

கடைசி பெஞ்ச் | அடுத்த சனி, மாலை 6.30

டீச்சர் இன்னைக்குத்தானே ஓட்டம்? ஓடுச்சா??

கோட்டையூர் டீச்சர் | சனி, இரவு 9.20

ஓடுச்சு. 52 நிமிஷம்.

பேட்டரி தீரல. 31ஆவது சுத்துல செயின் கழண்டு மாட்டிக்கிச்சு. எடுத்துப் போட நாலு நிமிஷம், மறுபடி 52ஆவது நிமிஷத்துல கழண்டுச்சு. இந்தத் தடவை மோட்டார் பிளேட்டே நகர்ந்திருந்தது. பிளேட்டுல ஓட்டை நீளமா வெட்டினது சட்டக் குழு, போல்ட்டை இறுக்கினது மின்சாரக் குழு. ஸ்பிரிங் வாஷர் போடணும்னு நோட்டுல எழுதியிருக்கு. ரெண்டு கையெழுத்தும் இருக்கு. வாஷர் மட்டும் இல்ல. கையெழுத்து போட்ட ரெண்டு பேரும் நோட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க, பாவமா இருந்துச்சு. அப்புறம் ஒருத்தன், "கையெழுத்துப் போட்டா மாட்டியாச்சுன்னு அர்த்தமா, மாட்டப் போறோம்னு அர்த்தமா?"ன்னு கேட்டான். யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. இனிமே ரெண்டு கட்டம்.

முடிச்சப்ப பேட்டரி 24.3 வோல்ட் காட்டுச்சு, ஐயா. அடுத்த மாசம் மறுபடி ஓட்டுறோம். கோவிச்சுக்கிட்டுப் போன பையன்தான் கடைசி 20 நிமிஷம் ஓட்டினான்.

பல்லத்தூரான் ஓரகடம் | சனி, இரவு 9.41

மாட்டியாச்சா, மாட்டப் போறோமா. எங்க ஆலையில இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பெரிய ரீகால் தேவைப்பட்டுச்சு டீச்சர்.

பட்டறைக்காரன் | சனி, இரவு 9.55

சந்தோஷம் டீச்சர். அப்புறம் ஒரு விஷயம். என் சி-கிளாம்ப் ரெண்டு போன மாசம் வாங்கிட்டுப் போனீங்களே.

கோட்டையூர் டீச்சர் | சனி, இரவு 10.20

நோட்டைப் பார்த்துட்டேன் அண்ணே. பக்கம் 31. வாங்கின கையெழுத்து இருக்கு, திருப்பிக் கொடுத்த கட்டம் காலி. திங்கட்கிழமை வரும்.